கிளியோபாட்ரா கருப்பா சிவப்பா?

முன்பின் பார்த்திராத ஆளைப் பற்றி யாராவது கேட்டால், ‘அவர் கருப்பா சிவப்பான்னுகூடத் தெரியாது’ என்போம். பழைய எகிப்தின் அரசி கிளியோபாட்ரா விஷயத்தில் உலகமே அந்த நிலைமையில்தான் இருக்கிறது. ஆனாலும் 2023-இல் அந்தக் கேள்விக்காகப் பெரிய சண்டையே நடந்தது. நெட்ஃபிளிக்ஸ் அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆவணத் தொடரில் கிளியோபாட்ராவாக நடித்தவர் அடெல் ஜேம்ஸ். கருப்பரும் வெள்ளையரும் கலந்த குடும்பத்தில் பிறந்த பிரிட்டிஷ் நடிகை. ஏப்ரலில் முன்னோட்டம் வந்த உடனேயே எகிப்து கொதித்தது. நெட்ஃபிளிக்ஸை நாட்டிலேயே முடக்க வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் புகார் கொடுத்தார். கிளியோபாட்ரா வெளிர்நிறமும் கிரேக்க முகச்சாயலும் கொண்டவர் என்று அரசின் தொல்பொருள் துறை அறிக்கையே விட்டது.

காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். சாயங்காலம் பாக்ஸிங் பயிற்சி முடிந்து டீக்கடை வாசலில் நிற்கும் பையன்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ‘கருப்பா காட்டுனா இன்னாண்ணா தப்பு? இத்தினி வருஷமா வெள்ளையாத்தானே காட்னாங்க’ என்பான் ஒருத்தன். ‘அப்ப நாளைக்கு நம்ம ராஜராஜனை வெள்ளைக்காரனா காட்டுனா சும்மா இருப்பியா?’ என்று இன்னொருத்தன் மடக்குவான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. இன்று திரையில் யாருக்கு இடம் என்று முதல் ஆள் கேட்கிறான். அன்று உண்மையில் என்ன இருந்தது என்று இரண்டாம் ஆள் கேட்கிறான். இந்த விவகாரம் எந்த நாட்டில் வெடித்தாலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: ஆதாரம் எங்கே என்று நாம் யாரிடம் கேட்கிறோம், யாரிடம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்?

முதலில் அன்று என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

கி.மு. 323-இல் அலெக்சாண்டர் இறந்ததும் எகிப்து அவருடைய தளபதி தாலமியின் கைக்கு வந்தது. மாசிடோனியக் கிரேக்கர். அவருடைய வம்சம் சுமார் 300 ஆண்டுகள் ஆண்டது. அண்ணன் தங்கையைக் கட்டிக்கொள்வது அந்த அரண்மனையில் சகஜம். அந்த வரிசையின் கடைசி அரசிதான் கி.மு. 69-இல் பிறந்து கி.மு. 30-இல் இறந்த ஏழாம் கிளியோபாட்ரா. அப்பா பன்னிரண்டாம் தாலமி என்பது உறுதி. அம்மா யார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது, யூகம்தான். அப்பாவைப் பெற்ற பாட்டி யார் என்பது சுத்தமாகத் தெரியாது. ஆக, குடும்பத்தின் பெரும்பகுதி கிரேக்கம், ஒரு மூலையில் மட்டும் இருட்டு. அந்த இருட்டில் ஓர் எகிப்தியப் பெண் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். கருப்பினத்தவர் என்று அடித்துச் சொல்ல அது போதாது. அதே மாதிரி, தோல் இன்ன நிறம் என்று அறிக்கை விடவும் போதாது.

சரி, உருவங்கள் இருக்குமே? இருக்கின்றன. அவர் காலத்து நாணயங்களில் வளைந்த மூக்கும் முன்துருத்திய தாடையும் பின்கொண்டையுமாக ஒரு முகம் இருக்கிறது. பெர்லின் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குத் தலை இருக்கிறது. நாணயத்துக்கும் பளிங்குக்கும் தோல் நிறம் கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க், அவருடைய அழகு அப்படியொன்றும் ஈடு இணையற்றது இல்லை, ஆளைக் கட்டிப்போட்டது பேச்சும் குரலும்தான் என்கிறார். எத்தியோப்பியர், எபிரேயர், அரபியர், சிரியர் என்று பலரிடமும் அவரவர் மொழியிலேயே பேசுவாராம். முன்னே ஆண்ட தாலமிகள் எகிப்திய மொழியைக் கற்கவே மெனக்கெடவில்லை, இவர் கற்றார். நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. (அதே புளூடார்க், ரோமானியப் படை நெருங்கியபோது கிளியோபாட்ரா தன் மகன் சிசேரியனைப் பெரும் செல்வத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார் என்றும் எழுதுகிறார். பையன் வழியிலேயே திரும்பிப் போய் உயிரைவிட்டான். வந்து சேர்ந்திருந்தால் எந்தத் துறையில் இறங்கியிருப்பான் என்று யோசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.)

பழங்காலத்தவருக்கு நிறம் கண்ணில் படவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நன்றாகவே பட்டது. தென்னிந்தியர்கள் எத்தியோப்பியரைப் போல இருக்கிறார்கள், ஆனால் மூக்கு சப்பையில்லை, முடி சுருட்டையில்லை என்று கிரேக்க மொழியில் எழுதிய அரியன் குறித்து வைத்திருக்கிறார். வட இந்தியர்கள் எகிப்தியர்களைப் போல இருக்கிறார்களாம். நம்மைப் பற்றிய மிகப் பழைய வெளியூர்க் குறிப்புகளில் அது ஒன்று. ஆனால் இன்று அமெரிக்கா பயன்படுத்துகிற வெள்ளை, கருப்பு என்ற இரண்டு டப்பாக்கள் அவர்களிடம் இல்லை. அட்லாண்டிக் அடிமை வணிகம் செய்த டப்பாக்கள் அவை. கிளியோபாட்ராவை அதில் எதற்குள் போட்டாலும் மூடி சரியாக மூடாது.

ஓவியத்தை அப்படியே நம்பவும் முடியாது. எகிப்தியச் சுவரோவியத்தில் ஆண்களுக்குச் செம்பழுப்பு, பெண்களுக்கு இளமஞ்சள் என்பது பட்டறை வழக்கம். ரோமானியப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவில் இருக்கும் லெப்டிஸ் மேக்னாவில் கி.பி. 145-இல் பிறந்தவர். அவருடைய குடும்பத்தை வரைந்த வட்டப் பலகை ஒன்று பெர்லினில் இருக்கிறது. அதில் அவர் தோல் கருமையாகவும், சிரியாவில் பிறந்த மனைவி ஜூலியா டோம்னாவின் தோல் வெளிர்ந்தும் தெரியும். ‘பாருங்கள், ரோமுக்கு ஒரு கருப்புப் பேரரசர்’ என்று அந்தப் படத்தைப் பகிராதவர்கள் குறைவு. ஆண் வெயிலில் திரிபவன், பெண் நிழலில் இருப்பவள் என்ற வரைமரபும் அதில் கலந்திருக்கலாம் என்பதை எவரும் சேர்த்துப் பகிர்வதில்லை.

மண்டையோடும் மூக்கும்

படம் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது என்பது அடுத்த நம்பிக்கை. துருக்கியின் எபெசஸில் 1929-இல் ஒரு கல்லறையில் மண்டையோடு ஒன்று எடுத்தார்கள். பிற்பாடு அது கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயுடையது என்று ஒரு கருத்து வந்தது. 2009-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம், பழைய அளவுக் குறிப்புகளையும் புகைப்படங்களையும் வைத்து, அந்த மண்டையில் ஆப்பிரிக்கச் சாயல் இருக்கிறது, ஆகவே அம்மா ஆப்பிரிக்கர், ஆகவே கிளியோபாட்ராவும், என்று கணக்கு நீட்டியது. மண்டையோடே அப்போது கையில் இல்லை, தொலைந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். அப்புறம் அது வியன்னாவில் கிடைத்தது. 2025 ஜனவரியில் வியன்னா பல்கலைக்கழகக் குழு ஆய்வு முடிவை வெளியிட்டது. அது பெண்ணே இல்லை. 11 முதல் 14 வயதுக்குள் இருந்த, வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு பையன். மரபணு காட்டிய திசையோ இத்தாலி, சார்டீனியா பக்கம்.

மண்டையை அளந்து மனிதர்களைப் பிரிப்பது சென்னைக்குப் புதிதில்லை. வட சென்னையிலிருந்து சென்ட்ரலைத் தாண்டினால் எழும்பூர் அருங்காட்சியகம். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். பார்க்க வந்தவர்களையும் விடாமல் பிடித்து மூக்கின் நீளம், அகலம், தலைச் சுற்றளவு என்று அளந்தவர். மூக்கு அகலமாக ஆகச் சாதிப் படியில் இறக்கம் என்று அவர் காலத்து ஆங்கிலேய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி விதியே எழுதினார். அந்த விதி செத்துவிட்டது. ஆனால் ‘மூக்கைப் பார்த்தாலே தெரியும்’ என்று சொல்கிற பழக்கம் சாகவில்லை. திராவிடம் என்பதைக் கால்டுவெல் 1856-இல் ஒரு மொழிக் குடும்பத்துக்கு வைத்தார் என்பதை மறந்து, அதைத் தோலிலும் மூக்கிலும் தேடுகிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு, எதிர்ப் பக்கத்திலும் உண்டு.

கீழடி முகங்கள் வந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். கீழடிக்குப் பக்கத்தில் இருக்கும் கொந்தகை புதைகாட்டின் இரண்டு ஆண் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் முப்பரிமாணத்தில் வருடி அனுப்ப, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வகம் முகம் கொடுத்தது. 2025-இல் வெளியானது. ‘இதுதான் ஆதித் தமிழன் முகம்’ என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. ‘இவ்வளவு கருப்பாகவா இருந்திருப்பார்கள்’, ‘இவ்வளவு சிவப்பாகவா’ என்று இரண்டு திசையிலிருந்தும் புலம்பல் வந்தது.

எலும்பு என்ன சொல்லும்? கண்குழியின் இடம், மூக்கெலும்பின் அகலம், தாடையின் வடிவம் சொல்லும். அதன்மேல் தசையும் தோலும் எவ்வளவு தடிமன் என்பது சராசரிக் கணக்கு. உதடு, காது, மூக்கு நுனி எல்லாம் ஓரளவு மதிப்பீடு. நிறம் சொல்லவே சொல்லாது. கொந்தகை முகங்களுக்கு இன்று அந்தப் பகுதியில் வாழ்கிறவர்களின் நிறத்தை வைத்தார்கள். இந்தத் துறையில் அது வழக்கமான, நேர்மையான முறை. ஆனால் இன்று நாம் இப்படி இருக்கிறோம் என்பதால் வைத்த நிறத்தை எடுத்துக்கொண்டு, அன்றும் நாம் இப்படித்தான் இருந்தோம் என்று நிரூபிக்கக் கிளம்பினால் வட்டமடித்து நின்ற இடத்துக்கே வந்து சேர்வோம். துட்டன்காமுனுக்கு 2005-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக முகம் செய்தன. எலும்பமைப்பு மூன்றிலும் ஏறக்குறைய ஒத்துப்போனது. தோல் நிறத்துக்காகத்தான் அமெரிக்காவில் கண்காட்சி வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது.

டி.என்.ஏ. நல்லபடியாகக் கிடைத்தால் நிறத்தையும் ஓரளவு யூகிக்கலாம். இங்கிலாந்தில் 1903-இல் கிடைத்த சுமார் 10,000 ஆண்டுப் பழைய ‘செடார் மனிதன்’ கருத்த தோலும் நீலக் கண்ணுமாக இருந்திருக்கலாம் என்று 2018-இல் சொன்னார்கள். லண்டனில் பாதிப் பேருக்கு அது தலையில் விழுந்த இடி. அதுவும் நிகழ்தகவுதான், புகைப்படம் இல்லை. தோலை வெளிறச் செய்யும் மரபணு மாற்றங்களில் முக்கியமான ஒன்று ஐரோப்பியரிடமும் இந்தியரிடமும் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தினர் 2013-இல் காட்டினார்கள். ஒரே குடும்பத்தில் அக்கா ஒரு நிறம், தம்பி ஒரு நிறம் என்று நாம் தினமும் பார்ப்பதுதான். நிறத்தை வைத்து இனத்தைப் பிடிக்கப் பார்ப்பது தண்ணீரைக் கையால் பிடிக்கிற வேலை.

கலர் ஏத்துண்ணா

இனி, இன்று திரையில் யாருக்கு இடம் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு கெய்ரோ போக வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டை, கல்மண்டபம் பக்கம் எந்த ஃபிளெக்ஸ் கடையிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு ஆள் வந்தாலும், படத்தைப் பார்த்ததும் வாயில் வரும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: ‘கொஞ்சம் கலர் ஏத்துண்ணா.’ டிசைனர் தம்பி முகத்தை வெட்டி எடுத்து, வெளிச்சக் கோட்டை மேலே இழுப்பார். கன்னம் ரோஸ் ஆகும். கண்ணுக்குக் கீழ் நிழல் மறையும். அப்புறம் அந்தத் தலையை ஏதாவது ஒரு ராஜா உடம்பில் பொருத்துவார், கிரீடம், சிம்மாசனம், பக்கத்தில் ஒரு சிங்கம். கழுத்தும் முகமும் வேறு வேறு நிறத்தில் நிற்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அறுபது வருஷம் கடலில் கருத்த பெரியவர் ஒருவர், செத்த அன்று சாயங்காலம் தெருமுனையில் ரோஸ் நிறத்தில் தொங்குவார். வீட்டுக்காரர்களுக்கும் அது பொய்யாகத் தெரியாது, மரியாதையாகத்தான் தெரியும். தலைவர்களுக்கும் இதே சேவைதான். அம்பேத்கர் ஜெயந்திக்கு அடிக்கிற பேனர்களில் பாபாசாகேப் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே போகிறார்.

ராயபுரம் மீனவர்கள் கட்டிய தேவாலயம் ராயப்பர் பெயரில் இருக்கிறது. ராயப்பர் என்றால் பேதுரு, கலிலேயக் கடலில் வலை வீசியவர். தொழிலால் காசிமேட்டுக்காரருக்கு உறவு மாதிரி. அந்த வெயிலும் உப்புக்காற்றும் தோலை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் பேதுருவும் ஏசுவும் ஐரோப்பியர்கள். நீளத் தலைமுடியும் மேலே பார்க்கிற கண்ணுமாக நம் கண்ணில் பதிந்த ஏசுவுக்குப் பின்னால், அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் வரைந்து கோடிக்கணக்கில் அச்சான ஒரு படம் இருக்கிறது. 2001-இல் ரிச்சர்ட் நீவ் என்ற மருத்துவ ஓவியர் முதலாம் நூற்றாண்டு யூத மண்டையோடு ஒன்றை வைத்து முகம் செய்து காட்டினார். அகன்ற முகம், குட்டை முடி, கருத்த தோல். அது ஏசு இல்லை, அந்த ஊரில் அந்தக் காலத்து ஆள் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு ஒரு மாதிரி, அவ்வளவுதான். அந்தப் படத்தை மாட்டிய வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஏசு ஏன் வெள்ளை, தேவதைகள் எல்லாம் ஏன் வெள்ளை, ஆப்பிரிக்கக் காட்டுக்கு ராஜாவான டார்ஜான்கூட ஏன் வெள்ளை என்று 1971-இல் பிபிசி பேட்டியில் கேட்டவர் முகமது அலி. அந்த அலியின் படம் மாட்டாத பாக்ஸிங் கிளாஸ் வட சென்னையில் அபூர்வம். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரு ஸ்டேடியத்தில் பார்த்த தாத்தாக்கள் இன்னும் கதை சொல்கிறார்கள். இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அலி நம் சாதிசனம் என்றோ, அவர் மூதாதை தமிழர் என்றோ இங்கே யாரும் சொன்னதில்லை. சொல்லாமலேயே அவர் நம்ம ஆள் ஆகிவிட்டார். கருத்த ஒரு பையன், கருத்த ஒரு ஆள் ஜெயிப்பதைப் பார்க்க ஆசைப்படுவதற்கு ரத்த சம்பந்தம் தேவைப்படவில்லை. கிளியோபாட்ரா கருப்பாக இருக்கட்டும் என்று விரும்பிய அமெரிக்கக் கருப்பினப் பெண்களின் ஆசையும் இதே ஜாதி ஆசைதான். ஆசையில் தப்பே இல்லை. அதற்கு வம்சாவளிச் சான்றிதழ் வாங்கப் போனதுதான் வம்பு. அதுவும் ‘ஆவணம்’ என்று பெயர் வைத்த தொடரில்.

எகிப்தியர்களின் கோபத்தை வெறும் நிறவெறி என்று ஒதுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. நிறவெறி அதில் இருந்தது. அந்த நடிகைக்கு வந்த வசவுகளே சாட்சி. ஆனால் இருநூறு வருஷமாக ஐரோப்பாவும் அமெரிக்காவும் மாறி மாறித் தங்கள் நாட்டுக் கதைக்காக எகிப்தின் பழமையை எடுத்துக்கொள்வதைப் பார்த்த எரிச்சலும் இருந்தது. 1963-இல் எலிசபெத் டெய்லர் கிளியோபாட்ராவாக வந்தபோதும் எகிப்துக்கு அவரோடு பெரிய மனக்கசப்பு. காரணம் நிறமில்லை: அவர் யூத மதத்துக்கு மாறியதும் இஸ்ரேலை ஆதரித்ததும். லண்டனில் பிறந்த, ஊதாக் கண் கொண்ட பெண் மாசிடோனிய அரசியாக இருக்கலாமா என்று யாரும் மண்டையோட்டு ஆதாரம் கேட்கவில்லை.

மூன்றாவது கேள்வி இதுதான். வெளிர்நிறத்தை வைத்தால் அது வெறும் நடிப்பு, கருநிறத்தை வைத்தால் அது உரிமை கோரல், அதற்கு ஆதாரம் வேண்டும். இங்கேயும் அதே கதை. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்றே பெயர், கருத்தவள் என்று மகாபாரதமே சொல்கிறது. சரித்திரப் பாத்திரம் இல்லைதான், ஆனால் எழுத்தில் இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? தொலைக்காட்சியில் ஒரு கருத்த திரௌபதியைக் காட்டுங்கள் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று எல்லோரும் காட்டும் உருவங்கள் அவர்கள்தானா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அந்தக் குழப்பம் எந்தக் காலண்டர் ராஜராஜனையும் பாதித்ததில்லை. அவர் சிவந்த மேனியும் முறுக்கு மீசையுமாகவே இருக்கிறார். அதே சினிமா வட சென்னைக் கதை என்றால் மட்டும், வெளுத்த நடிகைக்குக் கரியைப் பூசிக் குப்பத்துப் பெண் ஆக்கும். கருத்த நடிகைகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் வெளியிட்டதாக ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து சொன்ன தங்க நாணயத்தில், குடைக்குக் கீழே சமண முனிவர் போல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நமக்குத் தெரிந்த தாடி வள்ளுவர் வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964-இல் சட்டமன்றத்தில் திறந்தார்கள். எந்த மதத்துக்கும் அடையாளமாக இருக்கக்கூடாது என்று வெள்ளை ஆடை. 2019-இல் அந்த ஆடைக்குக் காவி பூசியபோது மாநிலமே இரண்டாக நின்று சண்டை போட்டது. நெற்றியில் திருநீறு இருக்கலாமா, ஆடை என்ன நிறம், பூணூல் உண்டா என்று எல்லாம் பேசினோம். தோல் என்ன நிறம் என்று மட்டும் இரண்டு பக்கமும் கேட்கவில்லை. அந்தப் படத்தில் அவரும் வெளிர்நிறம்தான்.

கிரேக்கப் பளிங்குச் சிலைகளின் தூய வெண்மையை 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மன் கொண்டாடி, அதையே அழகின் இலக்கணம் ஆக்கிவிட்டார். உண்மையில் அந்தச் சிலைகள் அன்று தலைமுதல் கால்வரை வண்ணம் பூசியவை. மண்ணுக்குள் கிடந்து சாயம் போனதுதான் அந்த வெண்மை. 2003-இல் மியூனிக்கில் வண்ணம் பூசிய நகல்களைக் காட்சிக்கு வைத்தபோது பலருக்கு முகம் சுளித்தது. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கும் திருவொற்றியூர்க்காரருக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

அலெக்சாண்ட்ரியாவுக்கு மேற்கே டப்போசிரிஸ் மேக்னா என்ற இடத்தில் கிளியோபாட்ராவின் கல்லறையைப் பல ஆண்டுகளாகத் தோண்டித் தேடுகிறார்கள். கிடைத்து, எலும்பும் கெடாமல் இருந்து, டி.என்.ஏ.வும் பேசினால், அன்று என்ன இருந்தது என்ற கேள்விக்கு ஓரளவு பதில் வரும். அதற்குள் இங்கே எத்தனையோ பள்ளி ஆண்டு விழாக்கள் வந்து போகும். மாதா வேஷம் எந்தப் பிள்ளைக்கு, ராணி வேஷம் எந்தப் பிள்ளைக்கு, சேவகன் வேஷம் யாருக்கு என்று டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடிவு பண்ணிவிடுவார். அந்த முடிவுக்கு ஆதாரம் கேட்கிற பெற்றோர் இன்னும் வரவில்லை.